திருக்கோயிலின் பங்கு
(திருவரங்குளத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பெரியநாயகி உடனுறை அரங்குளநாதர் எழுந்தருளியுள்ள இத்தலத்தின் வரலாறு பனைமரத்தோடு பிணைந்தது. வேடன் ஒருவனுக்குப் பொற்பனம்பழம் கிடைத்ததென்றும், அப்பொன் திருப்பணிக்கு ஆயிற்றென்றும் வழிவழியாகக் கூறுவர். அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையின் பெயரும் அதனை நினைவூட்டும். பனையோலைக் கொட்டானில் பூவும் பழமும் ஏந்திவந்த வழக்கம் நம்முடையது. பின்னாளில் நெகிழிப்பை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 1-1-2019 முதல் தடை நிலவுகிறது. தூக்குப்பை மட்டுமே தடைசெய்யப்பட்டதென்று பலர் எண்ணுகின்றனர். உணவு பொதியும் நெகிழித்தாள், தண்ணீர்ப் பொட்டலம், உட்புறம் நெகிழி பூசிய காகிதக் குவளை ஆகியனவும் தடைக்குரியவையே. 23-12-2021 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் தொடங்கப்பெற்றது.

கோயில் வாயிலில் நின்று அன்பர்களின் பையைச் சோதிப்பது எளிது. ஆயின், பிரசாதக் கடையில் புளியோதரை எதில் பொதியப்படுகிறது? குங்குமம் எதில் மடிக்கப்படுகிறது? விழா நாளில் நீர்மோர் எதில் வழங்கப்படுகிறது? இவை அன்பர்கள் கொணர்பவை அல்ல. திருக்கோயிலின் பங்கில் சேர்பவை.

இந்து சமய அறநிலையத் துறையின் ஆளுகையில் 40,000-க்கும் மேற்பட்ட திருக்கோயில்களும் சமய நிறுவனங்களும் உள்ளன. ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்குப் பத்து நெகிழி உறைகள் குறைந்தால், ஓராண்டில் 14 கோடிக்கும் மேல் குறையும். சிறுதுளி பெருவெள்ளமன்றோ!

வாழையிலைக்கும் தொன்னைக்கும் செலவு கூடும் என்பர். உண்மைதான். பிரசாதக் கடையின் ஏல நிபந்தனையிலேயே நெகிழி கூடாதென்று எழுதினால், ஏலத்தொகை சற்றுக் குறையவும் கூடும். அக்குறைவைத் திருக்கோயிலே ஏற்பதுதான் முறை. வருவாய்க்காகத் தன் கடையில் நெகிழியை விட்டுவைத்து, ஏழைக் கிழவியின் கையிலுள்ள பையைப் பறிப்பது அறமாகாது. அங்கே எறியப்படும் உறையை நாளை தின்பது நாம் வலம்வந்து வணங்கும் பசுவன்றோ!

இவ்வாறே, களைந்த நிர்மால்ய மலர்கள் நந்தவனத்திற்கு எருவாகலாம். நடை சாத்தியபின் தேவையற்ற விளக்குகளை அணைக்கலாம். அலுவலகத் தாளின் இருபுறமும் எழுதலாம். மண்டபத்து மழைநீரைத் திருக்குளத்திற்குச் செலுத்தலாம். ஊர்ப்பெயரிலேயே குளத்தைத் தாங்கிய உங்களுக்கு நீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

சொல்பவர் முதலில் செய்துகாட்டினால், கேட்பவர் தாமே பின்பற்றுவர். திருக்கோயில் தன் பங்கைக் குறைக்கட்டும். அன்பர்களாகிய நாமும் ஓலைக்கொட்டானோடும் துணிப்பையோடும் வருவோம். அதற்கு அரங்குளநாதர் திருவருள் துணைநிற்பதாக!