ஏலக்காய்க்குக் கணக்குண்டு, படத்துக்கு?

(சிலமலையில் ஆற்றிய உரை)



சிலமலைக்குப் பேச வந்தவன் கூலியைப் பற்றிப் பேசாமல் சினிமாவைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் எண்ணக்கூடும். கூலியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கொட்டகையில் நீங்கள் நீட்டுகிற பணம், மலையேறிக் காய் பறித்த கூலியல்லவா?

வெள்ளியன்று படம் வெளியாகிறது. ஞாயிறு மாலைக்குள் 'மூன்றே நாளில் இத்தனை கோடி' என்று விளம்பரம் முழங்குகிறது. எண்ணியவர் யார்? சரிபார்த்தவர் யார்? விடை இல்லை. விடையில்லாத அந்த எண்ணுக்காக நம் இளைஞர்கள் ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்கிறார்கள்!

அருகிலுள்ள போடிநாயக்கனூரைப் பாருங்கள். ஸ்பைசஸ் போர்டின் ஏல மையம் அங்கே இருக்கிறது. வந்த சரக்கு எத்தனை கிலோ, விற்றது எத்தனை கிலோ, உச்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்பதெல்லாம் ஏலம் முடிந்ததும் வெளியாகிவிடுகின்றன. ஒரு கிலோ ஏலக்காய்க்கு உள்ள கணக்கு, கோடிகள் புரளும் படத்துக்கு இல்லை!

முன்பு நிலை வேறு. 1952 தீபாவளியன்று வெளியான 'பராசக்தி' மதுரைத் தங்கம் திரையரங்கில் 100 நாட்களைக் கடந்து ஓடியது. அந்நாளில் பிரதிகள் சில. அவை பெருநகரில் ஓடி, சிற்றூருக்கு வந்து, கடைசியில் டூரிங் டாக்கீசை அடையும். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு வருவதற்குக் காலம் இருந்தது. ஓடிய நாளே மக்களின் தீர்ப்பாக இருந்தது.

1977இல் அல்லிநகரத்துப் பாரதிராஜா இயக்கி, பண்ணைப்புரத்து இளையராஜா இசையமைத்த '16 வயதினிலே' படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் தயங்கினர். தயாரிப்பாளர் எஸ்.ஏ.ராஜ்கண்ணு தாமே வெளியிட்டார். படம் வெள்ளிவிழாக் கண்டது. மூன்று நாள் வசூலை வைத்து முடிவு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்று நூற்றுக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் படம் இறங்குகிறது. நல்லது கெட்டது ஊருக்குத் தெரியுமுன் போட்ட பணத்தை எடுத்துவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே முதல் மூன்று நாள் வசூல் அளப்பது மக்களின் விருப்பத்தை அன்று. விளம்பரத்தின் வலிமையையும் கிடைத்த திரைகளின் எண்ணிக்கையையும்தான்!

2018 ஆகஸ்ட் 24 அன்று 'மேற்குத் தொடர்ச்சி மலை' வெளிவந்தது. லெனின் பாரதி இயக்கினார். விஜய் சேதுபதி தயாரித்தார். ஏலக்காய் மூட்டையை முதுகில் சுமந்து மலைப்பாதையில் நடக்கிற ரங்கசாமியின் கதை, உங்கள் கதை. அதே நாளில் பிரபுதேவாவின் 'லட்சுமி', ஆறே நாளில் நயன்தாராவின் 'இமைக்கா நொடிகள்'. அந்த நெரிசலில், காலையில் ஜீப்பேறி அந்தியில் இறங்கும் தொழிலாளி, ஒருவர் சொல்லக் கேட்டு வந்து சேரும்வரை காத்திருக்கத் திரைக்கு ஏது பொறுமை?

கணக்கைத் திறந்து வைக்க முடியாதா? தென் கொரியாவில் எந்தப் படத்தை எத்தனை பேர் கண்டனர் என்று அரசு சார்ந்த திரைப்படக் குழு நாள்தோறும் வெளியிடுகிறது. மலைக்கு அப்பால் கேரளத்தில், 2025இல் தயாரிப்பாளர் சங்கமே படங்களின் செலவையும் திரையரங்கப் பங்கையும் வெளியிட்டது. இங்கும் அது வேண்டும் என்று கேட்போம். கோடிகளை அன்று, தலைகளை எண்ணச் சொல்வோம்.

அதுவரை நமக்கொரு கடமை உண்டு. நம் வாழ்வைச் சொல்லும் படம் வந்தால், வசூல் செய்திக்குக் காத்திராமல் முதல் ஞாயிறே செல்லுங்கள். பிடித்தால் அன்றிரவே நான்கு பேரிடம் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் அதையும் சொல்லுங்கள்.

அந்தப் படத்தின் முடிவில் ரங்கசாமி, தனக்குச் சொந்தமாயிருந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். நம் கதைக்கு நாமே வெறும் காவலாளிகளாகிவிடக் கூடாது, தோழர்களே!