பச்சை இல்லாத பச்சைப் பட்டாசு



'அறிவியல் முன்னேற்றம் ஏழை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டதா?' என்பது தலைப்பு. வந்துவிட்டது என்று எதிரணித் தம்பி முழங்கினார். பேச்சோட பேச்சா நிலாவுக்கே போயிட்டு வந்துட்டார். எனக்கு அவ்வளவு தூரம் போக வசதியில்லைங்க. சிவகாசியை ஒட்டி இருக்கிற விஸ்வநத்தத்தோட நின்னுக்கிறேன்.

அங்கே பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிற ஒரு அம்மா என்னிடம் கேட்டார்: "சார், பச்சைப் பட்டாசுங்கிறாகளே, அது பச்சையா எரியுமா?"

நான் தமிழ் வாத்தியார். வேதியியல் படித்த நண்பரிடம் ஓடினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வாணவெடியில் சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குச் செம்பு, பச்சைக்குப் பேரியம். அந்தப் பேரியத்தைத்தான் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை செய்தது! ஆக, பச்சைப் பட்டாசுன்னா பச்சையை எடுத்துட்ட பட்டாசு! (சிரிப்பு)

பேரியம் நைட்ரேட் நிறம் மட்டும் கொடுக்கிற சரக்கு இல்லை. மருந்து எரிய ஆக்சிஜன் கொடுப்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் மத்தாப்பும் பூச்சட்டியும் என்ன செய்யும்? நாக்பூரில் உள்ள 'நீரி' ஆய்வு நிலையம் மாற்றுக் கலவைகள் கண்டுபிடித்தது. அதில் ஒரு ரகம், வெடிக்கும்போதே நீராவியை விட்டுத் தூசியை அமுக்கும். புகைத் துகள் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும் என்கிறார்கள். நல்ல காரியம். டெல்லிக் குழந்தையும் மூச்சு விட வேண்டாமா?

இதை அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கையை நீட்டினார். அலுமினியப் பொடி ஏறி வெள்ளிப் பூண் போட்ட மாதிரி மின்னுது. "வாங்குறவக வீட்டுல புகை குறையட்டும் சார். அள்ளுற கைக்கு என்ன குறைஞ்சிருக்கு?"

நடுவர் அவர்களே, அறிவியலுக்கு அந்தக் கையைப் பற்றித் தெரியாதா? நல்லாத் தெரியும். அலுமினியமும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்து ராத்திரி தங்கினால் உள்ளுக்குள்ளேயே சூடேறும். அதனால்தான் அன்றைய மருந்தை அன்றே தீர்க்கணும் என்பது. நைலான் சேலை கட்டினால் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். அது தரையில் இறங்கத்தான் அறை வாசலில் செம்புத் தகடு. தொட்டுவிட்டு உள்ளே போகணும். ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. எல்லாம் சட்டத்தில் இருக்கு. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதியும் இருந்தது. அன்றைக்குத்தான் பக்கத்து முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

"தகட்டைத் தொட்டுட்டுப் போறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"கூலி எண்ணிக்கைக்குத்தான் சார். போக வரத் தொட்டுக்கிட்டே இருந்தா எண்ணிக்கை எப்ப ஏறும்?"

எனக்குப் பேச்சு வரலை. மேடையில் முப்பது வருஷமா வாயாலே பிழைக்கிறவன் நான்! நிலாவுக்குப் போய்வந்த தம்பி இதற்குப் பதில் வைத்திருந்தால் இப்போது சொல்லட்டும், உட்கார்ந்து கேட்கிறேன். (கைதட்டல்)