ஒரு கல்லை நம்பினேன்: ராணுவ சர்வேயர் ஊருக்குத் திரும்பிய கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்; திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம். பேசுபவர் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த முன்னாள் ராணுவ சர்வேயர்.)

முதல்ல நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிடறேன். அதைச் சொல்லாம மீதியை மட்டும் சொன்னா வெறும் அட்வைஸா போயிடும்.

நான் 17 வருஷம் ராணுவத்தில் இருந்தேன். வேலை, நிலம் அளக்கிறது. இன்ஜினியர்ஸ் கோரில் ‘சர்வேயர் ஆட்டோமேட்டட் கார்ட்டோகிராஃபர்’னு ஒரு பணி இருக்கு. கணக்கு படிச்ச பட்டதாரிகளை நேரடியா ஹவில்தாரா எடுப்பாங்க. லாஸ்பேட்டையில் பி.எஸ்சி. முடிச்சிட்டு நான் அப்படித்தான் போனேன். 39 வயசில் பென்ஷனோட ஊருக்கு வந்துட்டேன். ஊர், பாகூர் கொம்யூன். புதுச்சேரின்னதும் உங்களுக்கு பீச்சும் கஃபேயும் ஞாபகம் வரும். அங்கிருந்து பைக்கில் தெற்கே வந்தா நெல், கரும்பு, பெரிய ஏரி. அதுதான் எங்க பக்கம்.

வந்த ரெண்டாவது மாசம் என் மச்சான் ஒரு வேலை கொண்டுவந்தார். அவருக்குத் தெரிஞ்ச வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறாங்க. அரைக் காணி நிலம். “மாமா, நீங்க மிலிட்டரிக்கே அளந்தவரு. இது ஒரு காலை வேலை”ன்னார். எனக்கும் கை அரிச்சது. ஒரு ஜி.என்.எஸ்.எஸ். ரோவர் வாடகைக்கு எடுத்தேன். ரெண்டு சென்டிமீட்டர் துல்லியத்தில் இடத்தைச் சொல்ற கருவி. புலப்பட நகலைக் கையில் வெச்சுக்கிட்டு, மூலையில் மச்சான் காட்டின எல்லைக் கல்லில் இருந்து ஆரம்பிச்சேன். பத்து மணிக்குள்ள முளைக்குச்சி எல்லாம் அடிச்சாச்சு.

ஒரு பக்கம் என் குச்சி பக்கத்து நிலத்துக்காரர் வரப்பைத் தாண்டி ரெண்டடி உள்ளே போய் நின்னுச்சு. அவர் வயசானவர். நிதானமா நடந்து வந்து பார்த்தார். கத்தல, திட்டல. “தம்பி, அந்த மூலைக் கல்லு வரப்பு போட்டப்போ புடுங்கி நகர்த்தி நட்டது. உன் மெஷினுக்கு அது தெரியுமா?”ன்னு கேட்டார்.

தெரியாது. மெஷினுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சிருக்க வேண்டியது எனக்குத்தான்.

இதில் எனக்கு ரொம்ப வலிச்சது என்னன்னா, ராணுவத்தில் ஒரு நாளும் ஒரே புள்ளியை நம்பி நான் வேலை ஆரம்பிச்சதில்லை. குறைஞ்சது மூணு கட்டுப்பாட்டுப் புள்ளிகளைச் சரிபார்த்து, ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு பார்த்துட்டுத்தான் அடுத்த அடி. கடைசியில் ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பி வந்து, எவ்வளவு விலகுதுன்னு கணக்குப் போட்டு, அதுக்கப்புறம்தான் கையெழுத்து. பனியிலயும் மணல் காத்திலயும் விடாத பழக்கத்தை, சொந்த ஊரில், ‘அரைக் காணிதானே’ன்னு விட்டுட்டேன். போதாக்குறைக்கு, பக்கத்து நிலத்துக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லாம அவர் எல்லையில் குச்சி அடிச்சிருக்கேன்.

மறுநாள் போய் அவர் முன்னாடியே குச்சிகளைப் பிடுங்கினேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் மோர் கொடுத்து அனுப்பினார். ஆனா அண்ணன் தம்பியில் ஒருத்தருக்கு அந்த ரெண்டடி ஏற்கெனவே மனசுக்குள்ள வந்துடுச்சு. கணக்குப் போட்டா ஒரு குழிகூட வராது. இருந்தாலும் மூணு மாசம் அவர் என்கூடப் பேசல. தப்பா அடிச்ச ஒரு குச்சியைப் பிடுங்கிடலாம். அது கிளப்பிவிட்ட ஆசையைப் பிடுங்க முடியாது.

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து யோசிச்சப்போ ஒண்ணு புரிஞ்சது. ராணுவத்தில் என்கிட்ட கேட்ட கேள்வி, ‘இது எங்கே இருக்கு?’ பீரங்கிக்கும் சரி, பாலம் போடறவங்களுக்கும் சரி, அதுதான் தேவை. ஊரில் கேக்கிற கேள்வி, ‘இது யாருது?’ ரெண்டுக்கும் கருவி ஒண்ணுதான். ஆனா ரெண்டாவது கேள்விக்கு அந்தக் கருவிகிட்ட பதில் கிடையாது. பத்திரம், பட்டா, புலப்படம், பழைய கல், பக்கத்துக்காரர், இதெல்லாம் சேர்ந்துதான் பதில் சொல்லும். எல்லையைச் சட்டப்படி நிர்ணயம் பண்றதும் அரசு சர்வேயர்தான். நான் அளந்து கொடுக்கிறது ஒரு அறிக்கை, அவ்வளவுதான்.

எங்க பக்கம் இது இன்னும் சிக்கல். புதுச்சேரி ஒரே துண்டா இருக்கிற நிலம் இல்லை. பிரெஞ்சுக்காரங்க விட்டுப்போன மாதிரியே, தமிழ்நாட்டுக்கு நடுவுல துண்டு துண்டா கிடக்கு. பாகூர்ப் பக்கம் கொஞ்சம் வண்டி ஓட்டினாலே கடலூர் மாவட்டம் வந்து போகும். பத்திரத்தை எடுத்துப் பார்த்தா ரீ-சர்வே நம்பர் ஒண்ணு, பிரெஞ்சுக் காலத்து கதாஸ்தர் நம்பர் இன்னொண்ணு. பரப்பளவு எக்டர், ஆர், சென்டியார் கணக்கில் இருக்கும். ஊர்க்காரங்க பேசறது குழியிலயும் காணியிலயும். இங்க ஒரு குழின்னா 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. சென்டியார்னா ஒரு சதுர மீட்டர். அப்ப ஒரு குழி ஏறத்தாழ 53 அரை சென்டியார். இதெல்லாம் எந்தப் பயிற்சியிலயும் எனக்குச் சொல்லித் தரல. வில்லியனூரில் ஒரு பத்திர எழுத்தர் பக்கத்தில் உட்கார்ந்து கத்துக்கிட்டேன். 39 வயசில் மறுபடியும் ஸ்டூடன்ட்.

இந்த ‘எங்கே’, ‘யாருது’ பிரிவு ரொம்பப் பழசு. 1802 ஏப்ரலில், நம்ம பரங்கிமலைக்குப் பக்கத்தில், வில்லியம் லாம்டன்னு ஒரு ராணுவ அதிகாரி சங்கிலி பிடிச்சு சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒண்ணு அளந்தார். அதில் இருந்து முக்கோணம் முக்கோணமா இமயமலை வரைக்கும் போச்சு. அந்தப் பெரிய வேலைக்கு ஒரு விவசாயி வரப்பு எங்கே முடியுதுன்னு தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வயல் வயலா அளக்கிற வேலையை வருவாய்த் துறைக்காக வேற ஆட்கள் தனியா பண்ணினாங்க.

அதுக்கும் எட்டு வருஷம் முன்னாடி, 1794-ல், சென்னையில் ஒரு சர்வே பள்ளி ஆரம்பிச்சாங்க. கம்பெனிக்கு உதவி சர்வேயர்கள் வேணும்னு விரல் விட்டு எண்ணக்கூடிய பசங்களை வெச்சு ஆரம்பிச்ச பள்ளி. அதுதான் வளர்ந்து வளர்ந்து இன்னிக்கு கிண்டி இன்ஜினியரிங் காலேஜா நிக்குது. உங்கள்ல பல பேர் கட்-ஆஃப் பார்த்து ஏங்கின காலேஜ், நிலம் அளக்கக் கத்துக்கொடுத்த இடம். அதனால சர்வேன்னா வெயிலில் ஸ்டாண்டு தூக்கிட்டு நிக்கிற வேலைதானேன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

சரி, வேலை தேடின கதைக்கு வரேன். முதல் இன்டர்வியூ ஒரு தனியார் கம்பெனியில். ரெஸ்யூமேயில் ரேங்க், யூனிட், மெடல் எல்லாம் எழுதியிருந்தேன். எதிர்ல உட்கார்ந்த பொண்ணுக்கு 26, 27 வயசு இருக்கும். மரியாதையாத்தான் கேட்டாங்க: “சார், நீங்க பண்ணின மேப் ஏதாவது காட்ட முடியுமா?” முடியாது. நான் பண்ணின மேப் எதையும் வெளியே காட்டக் கூடாது. 17 வருஷ உழைப்பு இருக்கு, காட்ட ஒரு தாள் இல்லை. அந்த வேலை கிடைக்கல. அவங்க மேல தப்பு இல்லை. என் மொழி அவங்களுக்குப் புரியல, அவங்க மொழி எனக்குத் தெரியல.

அப்புறம் ரெண்டு விஷயம் பண்ணினேன். ஒண்ணு, ரெஸ்யூமேயைத் திருப்பி எழுதினேன். எங்கே அளந்தேன்னு சொல்லக் கூடாதே தவிர, எப்படி அளந்தேன்னு சொல்லலாம். என்ன கருவி, என்ன சாஃப்ட்வேர், எவ்வளவு துல்லியம், எத்தனை பேர் டீம், தப்பை எப்படிக் கண்டுபிடிப்பேன். இதைத்தான் எதிர்ல இருக்கிறவங்க படிக்கிறாங்க. ரெண்டு, காட்டறதுக்குப் புதுசா ஒரு வேலை பண்ணினேன். எங்க பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் இருந்து பங்காரு வாய்க்கால் வழியா தண்ணி வருது. அதோட கிளை வாய்க்கால் ஒண்ணை, நிலத்துக்காரங்ககிட்ட கேட்டுட்டு, லெவல் எடுத்தேன். எங்க பக்கம் தரை தட்டை. ஒரு ஜாண் மேடு போதும், கடைமடைக்குத் தண்ணி போகாது. காசு கொடுக்காம கிடைக்கிற கியூ.ஜி.ஐ.எஸ்.ஸில் மேப் போட்டு, தண்ணி எந்த இடத்தில் நிக்குதுன்னு காட்டினேன். அந்த ஒரு மேப்தான் எனக்கு அடுத்த வேலையை வாங்கிக் கொடுத்தது. இப்ப ரோடு, டிரெய்னேஜ் புராஜெக்ட்களுக்கு சர்வே பார்க்கிறேன்.

இதை உங்ககிட்ட ஏன் சொல்றேன்? 2022 ஜூனில் அக்னிபத் அறிவிச்சாங்க. நாலு வருஷ சேவை, அதில் கால்வாசிப் பேர் வரைக்கும்தான் நிரந்தரம். முதல் பேட்ச் 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போச்சு. கணக்கை நீங்களே போட்டுக்கோங்க. எனக்காவது பென்ஷன் இருந்தது, தப்புப் பண்ணிக் கத்துக்க டைம் இருந்தது. அவங்க உங்க வயசில், பென்ஷன் இல்லாம வெளியே வருவாங்க. உங்க கிளாஸ்மேட் ஒருத்தர் அதில் இருக்கலாம். இல்லைன்னா, அவங்களை இன்டர்வியூ பண்ற இடத்தில் நீங்க இருக்கலாம்.

உள்ள இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது இது. வெளியே வர்றதுக்கு முன்னாடியே மறுவாழ்வு இயக்குநரகம் நடத்துற கோர்ஸ்களைக் கேட்டு வாங்குங்க. பத்தாவது முடிச்சு 15 வருஷம் சேவை பண்ணினவங்களுக்கு, மத்திய அரசோட குரூப் சி வேலைகளில் டிகிரி கேக்கிற பலதுக்கும் தகுதி உண்டு. இது தெரியாமலே செக்யூரிட்டி வேலைக்குப் போனவங்க எத்தனையோ பேர். ட்ரோன் ஓட்டணும்னா டி.ஜி.சி.ஏ. அங்கீகரிச்ச பயிற்சி நிலையத்தில் ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்குங்க. ராணுவத்தில் ஓட்டினேன்னு சொன்னா மட்டும் போதாது.

வேலை இருக்கா? இருக்கு. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு மேப் விதிகளைத் தளர்த்தினதுக்கு அப்புறம், இந்தியக் கம்பெனிகள் முன்அனுமதிக்கு அலையாம அளந்து மேப் பண்ணலாம், சில விதிவிலக்கு தவிர. ‘ஸ்வமித்வா’ திட்டத்தில் கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் வெச்சு அளந்தாங்க, புதுச்சேரி கிராமங்களும் அதில் வந்துடுச்சு. ஆனா ட்ரோன் படத்தில் சுவர் தெரியும், அது யார் சுவர்னு தெரியாது. கீழ நடந்து போய்க் கேக்க ஒரு ஆள் எப்பவும் வேணும்.

இன்டர்வியூ பண்றவங்களுக்கும் ஒண்ணு. ராணுவத்தில் இருந்து வர்றவங்ககிட்ட “என்ன மேப் பண்ணீங்க”ன்னு கேக்காதீங்க. “உங்க அளவு தப்புன்னா அது உங்களுக்கு எப்படித் தெரியும்”னு கேளுங்க. நல்ல ஆளா இருந்தா அரை மணி நேரம் பேசுவார்.

அந்த நிலம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அவங்க முறைப்படி மனு போட்டாங்க. அரசு சர்வேயர் பக்கத்து நிலத்துக்காரங்களுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்து, நாலு கல்லைத் தேடிச் சரிபார்த்து அளந்தார். பெரியவர் சொன்னது சரி, மூலைக் கல் நகர்ந்துதான் இருந்தது. அளக்கும்போது நானும் போயிருந்தேன், சும்மா நாடா பிடிக்க. முடிஞ்சதும் பெரியவர் என்னைப் பார்த்து, “இப்ப உன் மெஷினுக்குத் தெரிஞ்சிருக்கும்”னார்.

பேசாம இருந்த தம்பியும் அன்னிக்குத்தான் சிரிச்சார்.