கடைசல் உளிக்குச் சாணை பிடிக்க ஒரு தாங்கு சட்டம்



மண்வெட்டிக் காம்பு, மோர் கடையும் மத்து, கட்டில் கால் எல்லாமே கடைசல் வேலைதான். "வயலுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கலாம். காம்பு உருண்டு வழவழப்பாக இல்லையென்றால் கொப்புளம் வருவது உங்கள் உள்ளங்கையிலேதான். நடவுக்கும் அறுப்புக்கும் இடையிலே, கொட்டகையில் சின்ன லேத் போட்டு இந்த வேலையைச் செய்கிற உழவர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. முக்கியமாக அவர்களுக்குத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

கூரான உளி மரத்தைச் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டே போகும். மழுங்கினதை அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தினால் சட்டென்று மரத்தில் குத்திக்கொள்ளும். சுற்றுகிற கட்டை பிய்த்துக்கொண்டு மூஞ்சியில் அடிக்கும். அதனாலே உளியை அடிக்கடி தீட்டித்தான் ஆகணும். கல் விளிம்பில் கைக்கணக்காகத் தீட்டுவதில்தான் கோளாறு. இன்றைக்கு ஒரு சாய்வு, நாளைக்கு ஒரு சாய்வு. பழைய சாய்வைப் பிடிப்பதற்குள் நல்ல இரும்பெல்லாம் பொறியாகப் பறந்துவிடும். ஒரு வருஷத்துக்கு வரவேண்டிய உளி நாலே மாசத்தில் கட்டையாகிப் போனதென்றால், அதில் தேய்ந்தது பெரும்பாலும் சாணையிலேதான்.

இதற்கு ஒரு தாங்கு சட்டம் போதும். ஆசாரிமார் சிலர் 'ஜிக்' என்கிறார்கள். கடையிலும் கிடைக்கும், வீட்டிலும் செய்யலாம். கிரைண்டரைப் பலகையில் இறுக்கி, கல்லுக்கு நேர் கீழே முன்பக்கமாக நீட்டிக்கொண்டு ஒரு சட்டம் நகரும்படி வையுங்கள். அதன் நுனியில் கவை மாதிரி ஒரு பள்ளம். உளிப்பிடியின் அடி அந்தப் பள்ளத்தில் உட்காரணும். உளியின் சாய்வு முகம் கல்மேல் படணும், கூர் மேலே பார்க்கணும். வேண்டிய தூரத்தில் சட்டத்தை ஆணியோ திருகோ போட்டு அசையாமல் நிறுத்திவிட்டால், அடுத்த தடவையும் அதே சாய்வுதான். குழிந்த உளி என்றால் பிடியை மெதுவாக இடமும் வலமும் உருட்டினால் போதும். தட்டை உளிக்கு இந்தப் பள்ளம் அவ்வளவு நம்பிக்கையில்லை, வழுக்கும். அதற்குச் சாய்த்து வைக்கக்கூடிய தாங்கு பலகைதான் நல்லது.

தூரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மை பேனாவால் சாய்வு முகம் முழுக்கக் கறுப்பு பூசுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு, கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நுனியில் மட்டும் மை அழிந்தால் பள்ளத்தைக் கல்பக்கம் தள்ளணும். அடிப்பக்கம் மட்டும் அழிந்தால் வெளியே இழுக்கணும். முகம் முழுக்க அழிந்தால் சரியாக இருக்கிறது. கல் தேயத் தேய இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், ஆகவே அவ்வப்போது மை பூசிப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் சரியாக நின்றால் மயிரளவு இரும்பு போனாலே கூர் வந்துவிடும். கல்லோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண எஃகு உளி சூடேறி வைக்கோல் நிறம் வந்தாலே எச்சரிக்கை, நீலமாகிவிட்டால் பதம் போச்சு. அந்த நுனி இனி கூர் நிற்காது. நீலம் முழுக்கத் தீட்டி எடுக்கும்வரை தொல்லைதான். ஆகவே லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்து, பக்கத்திலே வைத்த தண்ணீரில் நனையுங்கள். ஹைஸ்பீடு எஃகு என்று விற்கிறது சூட்டைத் தாங்கும். ஆனால் காய்ந்ததைத் தண்ணீரில் முக்கினால் மயிரிழை வெடிப்பு விடும், காற்றிலே ஆறட்டும். இதற்கு வெள்ளைக் கல், 80 நம்பர் பொருத்தம். பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கும் பழக்கம் சில ஊரில் இருக்கிறது, எனக்கு அதில் சம்மதமில்லை. அரம் கடினம்தான், ஆனால் மடக்கென்று உடையும். லாரிப் பட்டையில் கொல்லர் அடித்துப் பதம் போட்டுத் தருவது எவ்வளவோ மேல்.

இனி கல். 6 அங்குலக் கல் நிமிஷத்துக்குச் சுமார் 2,800 சுற்றுச் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கீறல் விட்ட கல் வெடித்தால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள். புதுக் கல்லை மாட்டும் முன்னாலே விரலில் தொங்கவிட்டு, மரப்பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது, சொத்தை ஒலி வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். கல்லின் சீட்டில் எழுதியிருக்கும் சுற்று, உங்கள் மோட்டார் சுற்றைவிடக் கூடுதலாக இருக்கணும். மாட்டின பிறகு பக்கவாட்டில் ஒதுங்கி நின்று ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள்.

தாங்கு பலகைக்கும் கல்லுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, உளி உள்ளே சிக்கிக்கொள்ளும். கல்லின் பக்கவாட்டில் தீட்டாதீர்கள். துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிட்டே போகாதீர்கள், கையுறையும் வேண்டாம், இழுத்துக்கொள்ளும். கண்ணாடி மட்டும் கட்டாயம். "ஒரு நொடி வேலைதானே" என்று கழற்றி வைக்கிற அந்த நொடியில்தான் பொறி கண்ணிலே விழும். அப்படி விழுந்தால் கசக்காமல், வீட்டில் எடுத்துப் பார்க்காமல், நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.