அரைப் பேரும் முழுப் பேரும்



அன்றாட வாழ்வில் ஆற்றலையும் மகிழ்ச்சியையும் கிறிஸ்தவ விசுவாசம் எவ்வாறு அளிக்கின்றது என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச விரும்புகின்றேன். இனிய பொருள்தான். ஆயினும் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தேயிலை மலைகளுக்கிடையே வாழும் மக்களை மனக்கண் முன் நிறுத்திக்கொண்டு இதனைப் பேச முற்படும்போது, நாக்குச் சற்றுத் தயங்குகின்றது. மகிழ்ச்சி என்ற சொல்லை அவர்கள் முன் எடுத்துரைக்க எனக்கு என்ன தகுதி உண்டு என்று உள்ளம் கேட்கின்றது.

பொழுது புலர்வதற்கு முன்பே எங்கள் தோட்டங்களில் பெண்கள் எழுந்துவிடுகின்றனர். பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மலை ஏறுகின்றனர். பனியும் மழையும் அட்டைக் கடியும் அவர்களுக்குப் புதியன அல்ல. மாலையில் கொழுந்து நிறுக்கப்படும். குறித்த நிறை இருந்தால் ஒரு பேர். பதினெட்டுக் கிலோ, இருபது கிலோ என்று அந்த நிறை தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். குறைந்தால் அரைப் பேர்.

தோட்டத்துக்கு வெளியே வாழும் நேயர்களுக்கு இச்சொல்லை விளக்குதல் வேண்டும். பேர் என்பது ஒரு நாள் வேலை செய்ததற்கான பதிவு. 'இந்த மாதம் எத்தனை பேர்?' என்று ஒருத்தி மற்றொருத்தியைக் கேட்டால், எத்தனை நாள் சம்பளம் என்பது பொருள். தமிழில் பேர் என்றால் பெயர். பேர் என்றால் ஆள். எங்கள் மலைநாட்டிலோ பேர் என்றால் கூலியும் ஆகும். ஆகவே, அரைப் பேர் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், மனிதரையே பாதியாக வெட்டிக் கணக்கில் எழுதுவது போன்ற உணர்ச்சி எனக்கு உண்டாகும்.

கூலியைப் பற்றி இயேசு பெருமான் ஒரு கதை சொன்னார். திராட்சைத் தோட்டத்துக்கு உடையவன் ஒருவன் அதிகாலையில் சந்தைவெளிக்குச் சென்று, ஒரு நாளுக்கு ஒரு வெள்ளிக்காசு என்று பேசி ஆட்களை அமர்த்தினான். மீண்டும் காலை ஒன்பது மணியளவிலும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் சென்று வேறு சிலரை அழைத்தான். மாலை ஐந்து மணிக்குச் சென்றபோதும் சிலர் நின்றுகொண்டிருந்தனர். ஏன் சும்மா நிற்கின்றீர்கள் என்று கேட்டான். எங்களை வேலைக்கு அழைப்பார் எவருமில்லை என்றனர். அவர்களையும் அனுப்பினான். பொழுது சாய்ந்ததும், ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் பகல் முழுவதும் வெயிலில் வாடியவனுக்கும் ஒரே கூலி கொடுத்தான்.

நகரத்துக் கோவில்களில் இக்கதையைப் பிரசங்கிக்கும்போது, இறைவனுடைய கிருபை இத்தகையது என்று விளக்குவர். அது மெய்யே. ஆனால் இக்கதையைத் தேயிலைத் தோட்டத்தில் வாசித்துப் பாருங்கள். கேட்கும் பெண்களின் முகத்தில் வேறொரு வெளிச்சம் உண்டாகும். ஒரு நாட்கூலி என்பது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் உணவு என்பதை அவர்கள் அறிவார்கள். பாதிக் கூலி கொடுத்தால் பிள்ளைகள் பாதி வயிறுதான் உண்பார்கள் என்பதை அந்த உடையவன் அறிந்திருந்தான் என்று அவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். இறைவனுடைய கணக்குப் புத்தகத்தில் அரைப் பேர் கிடையாது. முறுமுறுத்தவனுக்கு மறுமொழி கூறும்போதுகூட அந்த உடையவன் அவனைச் சிநேகிதன் என்றே அழைத்தான் என்பதையும் நாம் மறத்தல் ஆகாது.

என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கே கூறுதல் பொருந்தும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் இளம் ஆசிரியனாக இருந்தேன். ஐந்தாம் வகுப்பில் கெட்டிக்காரியாகிய ஒரு சிறுமி இரண்டு வாரங்களாக வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவளுடைய தாயைக் கண்டேன். கைக்குழந்தைக்கு நோய் என்றும், நோயுள்ள குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஏற்கமாட்டார்கள் என்றும், தான் மலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை என்றும், ஆகவே மூத்தவள் வீட்டில் இருக்கிறாள் என்றும் அந்த அம்மாள் சொன்னார். நான் உடனே, "பொறுமையாக இருங்கள் அம்மா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றேன். கற்றறிந்தவன் சொல்லும் ஆறுதல் என்று எனக்குள் ஒரு திருப்தியும் உண்டாயிற்று.

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கர்த்தர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு சேர். நீங்க ஒரு தரம் வந்து பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அக்கேள்வியில் கோபம் இல்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கமும் இல்லை. மறுநாள் மாலை அந்த லயத்துக்குச் சென்றேன். ஒரே காம்பராவில் ஆறு பேர். அடுப்புப் புகைக்குள் சிறுமி குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். அடுத்த காம்பராவில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசிய மாரியம்மன் பக்தை. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவரிடம் தயக்கத்துடன் கேட்டேன். "இதைக் கேட்க நீங்க வரணுமா சேர், இவ சொன்னா நான் பாக்க மாட்டேனா?" என்று அத்தாயைக் கடிந்துகொண்டார். புதன்கிழமை சிறுமி வகுப்புக்கு வந்தாள்.

கதை அத்துடன் இனிதே முடிந்தது என்று சொல்ல ஆசை. ஆனால் அச்சிறுமியின் அண்ணன் அதற்கு முந்திய ஆண்டே படிப்பை விட்டுக் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான். அவனைத் திரும்ப அழைத்துவர என்னால் முடியவில்லை. ஓர் ஆண்டு முந்திச் சென்று பார்த்திருந்தால் என்று இன்றும் எண்ணுகின்றேன்.

அந்த அம்மாள் எனக்குக் கற்பித்த பாடம் யாது? விசுவாசம் என்பது துன்பப்படுகின்றவருக்கு எட்ட நின்று கொடுக்கும் அறிவுரை அன்று. அவருடைய வாசற்படி வரை நடந்து செல்லும் கால்கள் அதற்கு வேண்டும். இதில் மற்றொன்றும் உண்டு. அந்த அம்மாள் கர்த்தரைச் சந்தேகிக்கவில்லை. என்னைத்தான் சந்தேகித்தார். அத்தனை நெருக்கடியிலும் அவர் உள்ளத்தில் அசையாது நின்ற அந்த உறுதியையே நான் ஆற்றல் என்று அழைக்கின்றேன்.

இவ்வுறுதி மலைநாட்டில் நேற்று முளைத்ததன்று. 1854ஆம் ஆண்டில், இங்கே கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்தில், 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரால் ஓர் ஊழியம் தொடங்கப்பெற்றது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டந்தோட்டமாக நடந்து சென்று போதித்தனர், எழுத்தும் கற்பித்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் போன்ற தமிழ்ப் பாட்டுக்கள் மேனாட்டு இசைக்கருவி எதுவுமின்றி லயத்து முற்றங்களில் ஒலித்தன. 1869இல் கோப்பியில் இலைநோய் தோன்றி, அப்பயிர் மெல்ல மடிந்தது, தேயிலை வந்தது. முதலாளிமார் மாறினர், பயிர் மாறியது, பாட்டு மாறவில்லை.

டிக்கோயாவில் வாலி என்னுமிடத்தில் 1878ஆம் ஆண்டின் அழகிய கற்கோவில் ஒன்று இன்றும் நிற்கின்றது. அதன் முற்றத்தில் துரைமாரின் கல்லறைகள் மீது பெயர்களும் ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. காடு வெட்டித் தோட்டம் உண்டாக்கிய தொழிலாளரில் மிகப் பலருக்கோ பெயர் எழுதிய கல் ஒன்றும் இல்லை. வாழும்போது பேரைக் கணக்கிட்டவர்கள், மாண்டபின் பெயரை எழுதவில்லை. நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கின்றான் என்று ஆண்டவர் சொன்னது இம்மக்களுக்கு வெறும் உவமை அன்று, நெஞ்சுக்கு மருந்து.

நாட்டின் சட்டங்களிலும் இவர்கள் நெடுங்காலம் வெறும் எண்ணிக்கையாகவே இருந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பான்மையோரை நாடற்றவர் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. ஒரே லயத்தில் பிறந்த அண்ணனும் தங்கையும் இரு நாட்டவர் ஆயினர். எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது.

இத்தகைய வரலாற்றின் நடுவே, பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லும் சமயம் மக்களுக்கு நன்மை செய்யாது. இதனை உணர்ந்தவர்கள் கிறிஸ்தவருள் இருந்தனர். இயேசு சபைக் குருவாகிய போல் கஸ்பர்ஸ் அடிகளார் 1972ஆம் ஆண்டு கண்டியில் 'சத்யோதய' என்னும் நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் அங்கே ஒன்றாகப் பணி புரிந்தனர். தோட்ட மக்களின் உரிமைக்காக அது குரல் கொடுத்தது. ஜெபிக்கின்ற கை, எழுதவும் நீதி கேட்கவும் கூடிய கை என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28ஆம் திகதி தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி நிறைவுற்றது. முன்னோர் பசியோடும் காய்ச்சலோடும் நடந்து, பலர் வீழ்ந்து மாண்ட வழி அது. அவ்வழியே பல சமயத்தவரும் கூடி நடந்தனர். துயரத்தின் பாதையில் மக்கள் சேர்ந்து நடக்கும்போது அங்கே ஒரு மகிழ்ச்சி பிறக்கின்றது. அது சிரித்து மறக்கும் மகிழ்ச்சி அன்று.

வேதாகமத்தில் நெகேமியாவின் வரலாறு இதனையே உணர்த்துகின்றது. இடிந்த மதிலைக் கட்டிய மக்கள் கூடி நின்று அழுதபோது, அழவேண்டாம், ஆண்டவரில் மகிழ்வதே உங்கள் பலம் என்ற கருத்து அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதே மூச்சில் மற்றொன்றும் சொல்லப்பட்டது: வீட்டுக்குச் சென்று உண்ணுங்கள், ஒன்றும் இல்லாதவருக்கும் பங்கு அனுப்புங்கள் என்பதே அது. மகிழ்ச்சி, பலம், பங்கு ஆகிய மூன்றும் பிரிக்க முடியாதவை என்பது இதனால் விளங்கும்.

மார்கழிக் குளிரில் எங்கள் பிள்ளைகள் விளக்கேந்திப் பாடிக்கொண்டு லயம் லயமாகச் செல்வார்கள். இந்துக்களின் வாசலிலும் நின்று பாடுவார்கள். அங்கே அவர்களுக்குச் சூடான தேநீர் கிடைக்கும். அந்தத் தேயிலையைக் கொய்த கைகளே அதைக் கொடுக்கின்றன. தைப்பொங்கலன்று பொங்கல் எங்கள் வீடு தேடி வரும். வேதம் சொன்ன பங்கு அனுப்புதல் எங்கள் மலைகளில் இவ்வாறு நடைபெறுகின்றது.

நேயர்களே, ஆற்றலும் மகிழ்ச்சியும் வேண்டுமென்றால் நாளைக் காலை செய்யத்தக்க மூன்று சிறு செயல்களைக் கூறி விடைபெறுகின்றேன். எழுந்ததும், நான் அரைப் பேர் அல்லேன், இறைவன் முன் முழுப் பேர் என்று ஒரு கணம் அமைதியாக எண்ணுங்கள். பகலில், உங்களோடு பணிபுரியும் ஒருவரை அவர் தொழிலால் அழையாது பெயரால் அழையுங்கள். மாலையில், நெடுநாள் காணாத ஒருவருடைய வாசலுக்குச் சென்று பாருங்கள். கர்த்தர் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றார். நாமும் பார்க்கின்றோமா என்பதே கேள்வி.