வேலையில்லா மாதங்களில் குடும்பச் செலவு
(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவன் குடும்பச் செலவைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் எண்ணலாம். தாமிரவருணிப் பாசனத்தில் பயிரும் செலவும் தனித்தனி அல்ல. பாபநாசம் அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஒரு கூலிக் குடும்பத்தில் ஆனி மாதம் அடுப்பு எரிவதும், பிள்ளைக்குப் புத்தகப் பை வாங்குவதும் நடக்கின்றன.

நம் பள்ளத்தாக்கில் கார், பிசானம் என்று இரண்டு போகம். காருக்கு வழக்கமாக ஜூன் முதல் நாள் தண்ணீர் திறக்க வேண்டும். பிசானம் ஐப்பசி மழையோடு தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடையாகிறது. பிசான அறுப்பு முடிந்து கார் நாற்று விடும் வரை வயலில் பெரிய வேலை இல்லை. அணையில் நீர் குறைந்து கார் தள்ளிப்போனால் இந்த இடைவெளி ஆடி, ஆவணி என்று நீளும். காரே இல்லாமல் போன ஆண்டுகளும் உண்டு. வாழைத் தோட்ட வேலை சிலருக்குக் கைகொடுக்கும், எல்லோருக்கும் அல்ல.

இந்த இடைவெளி புதிதல்ல. நம் தாத்தா காலத்திலும் இருந்தது. அப்போது அறுவடைக் கூலி நெல்லாகக் கிடைத்தது. அறுத்துக் கட்டிச் சுமந்து களத்தில் அடித்துத் தூற்றிய குடும்பம், அறுப்பு முடியும்போது ஒன்றிரண்டு கோட்டை நெல்லாவது வீட்டுக் குலுக்கையில் கொட்டி வைத்தது. வேலையில்லாத மாதங்களுக்கு அதுவே சோறு, அதுவே கைமாற்று. இன்று அறுவடை இயந்திரம் ஒரு வயலை ஒரு மணி நேரத்தில் அறுத்துத் தள்ளிவிடுகிறது. இயந்திரத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. மழைக்கு முன் கதிரைக் கரை சேர்க்க அது வேண்டும். ஆனால் கூலிக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கிடைத்த சேமிப்பு அதனால் போய்விட்டது. இப்போது கூலி அன்றன்றைக்குப் பணமாக வருகிறது, அன்றன்றைக்கே செலவாகியும் விடுகிறது. வேலையில்லா மாதம் அப்படியே இருக்க, குலுக்கை மட்டும் காலியாகிவிட்டது. அந்த இடத்தில் கந்து வட்டி வந்து உட்கார்ந்துகொண்டது.

2017ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் நடந்ததை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு கூலித் தொழிலாளி, மனைவியோடும் இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகளோடும் தீக்கிரையானார். வாங்கியதற்கு மேல் கட்டியும் கடன் தீரவில்லை என்பது அவர் முறையீடு. கந்து வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் சட்டம் உதவிக்கு வருவது கடன் கழுத்தை இறுக்கிய பிறகுதான். அதற்கு முன்பே செய்ய வேண்டியவற்றைத்தான் இங்கே பேசுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு தாளை எடுத்துக் குடும்பத் தலைவியும் தலைவரும் சேர்ந்து எழுதுங்கள். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால் அரிசியை விட்டுவிடலாம். பருப்பு, எண்ணெய், காய், பால், பஸ், மருந்து இவற்றுக்கு வாரம் 1,500 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு வாரத்துக்கு 12,000. ஜூனில் பள்ளி திறக்கும்போது 3,000. ஆக 15,000 ரூபாய். இதை வேலை நின்ற பிறகு எங்கிருந்தும் திரட்ட முடியாது. ஐப்பசி நடவு முதல் பங்குனி அறுப்பு வரை, இடையில் வேலை மெலியும் மார்கழி, தை வாரங்களைக் கழித்தால், நல்ல வேலை 15 வாரம் கிடைக்கும். வாரம் 600 ரூபாய் ஒதுக்கினால் 9,000 சேரும். துண்டு விழுவது 6,000 தான். 15,000 கடன் வாங்கும் குடும்பமும் 6,000 கடன் வாங்கும் குடும்பமும் ஒன்றல்ல.

வீட்டில் வைத்தால் பணம் தங்காது. அஞ்சலகச் சேமிப்பிலோ மகளிர் சுய உதவிக் குழுவிலோ போடுங்கள். முடிந்தவர்கள் அறுப்புக் காலத்தில் ஒரு பங்கை நெல்லாகவே வாங்கி வைக்கலாம். மாசியில் களத்து விலைக்கு வாங்கிய நெல்லை, விலை ஏறும் ஆடியில் விற்கவும் செய்யலாம், ஆக்கியும் சாப்பிடலாம். நன்கு காயவைத்து, எலி புகாத இடத்தில், தரையில் படாமல் பலகை மேல் மூட்டையை அடுக்குங்கள்.

இனிச் சற்றுச் சங்கடமான விஷயம். கையில் பணம் புரளும் பங்குனியில்தான் உத்திரத்துக்குக் குலதெய்வச் சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறோம். அடுத்துச் சித்திரை, வைகாசியில் கோயில் கொடை, தலைக்கட்டு வரி, அதோடு கல்யாண மொய். சாமி காரியத்தை விடச் சொல்லும் துணிவு எனக்கில்லை. வரி எவ்வளவு என்பதை ஊர்க்கூட்டம் முன்கூட்டியே முடிவு செய்து, நடவுக் காலம் முதல் தவணையாக வாங்கினால் கூலிக் குடும்பம் கொடைக்காகக் கடன் வாங்க வேண்டியிராது. சில ஊர்ப் பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள், ஆனால் மறுக்கவில்லை.

துண்டு விழும் 6,000 ரூபாயை எங்கே வாங்குவது? வீட்டில் ஒரு கிராம் நகை இருந்தாலும் முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போங்கள். நகைக்கடன் வட்டி அங்கே நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயை ஒட்டியே இருக்கும். 6,000 ரூபாய்க்கு மாதம் 60 ரூபாய். பத்து வட்டிக்காரரிடம் அதே தொகைக்கு மாதம் 600 ரூபாய். 10 மாதத்தில் வட்டியே முதலைப் பிடித்துவிடும், முதல் அப்படியே நிற்கும். தினத் தண்டலில் இந்த வட்டி கண்ணுக்குத் தெரியாது. 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தந்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் முதல் கரைந்து வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருப்பது நாலாயிரத்துச் சொச்சமே. அதற்கு 100 நாளில் 1,500 என்றால் நூற்றுக்கு மாதம் ஏறத்தாழ 10 ரூபாய் ஆகிறது. அதுவும் கந்து வட்டிதான், வேறு பெயரில். எவரிடம் வாங்கினாலும் எழுதாத பத்திரத்திலோ காசோலையிலோ கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள். ரேஷன் அட்டையையும் வங்கி அட்டையையும் அடகாகத் தராதீர்கள்.

கூட்டுறவுக் கடன் எப்படியும் தள்ளுபடியாகும் என்று கட்டாமல் இருப்போர் சிலர். 2021இல் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி ஆனது உண்மை. அப்போதும் நிபந்தனைகளில் சிக்கி விடுபட்டவர்கள் பலர். அதை நம்பித் தவணை தவறாதீர்கள்.

ஊரக வேலைத் திட்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 100 நாள் வேலைக்கு மாற்றாக, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 125 நாள் என்று புதுச் சட்டம் இயற்றியது. விதைப்பு, அறுவடை நெருக்கத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் அதில் இடமுண்டு. எனவே சித்திரை, வைகாசிக்கு வேலை வேண்டுமென்று ஊராட்சியில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைக்க வேண்டும். ஆனால் அந்தக் கூலியை அந்த வாரச் செலவுக்கு நம்ப வேண்டாம். 2025 தொடக்கத்தில் நம் மாநிலத்தில் கூலி மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. வரும்போது கடனை அடைக்க அதை வைத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உழவர் பாதுகாப்புத் திட்டப் பதிவு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு அதில் உதவித்தொகை உண்டு.

ஆடு வளர்ப்போருக்கு ஒரு வார்த்தை. வேலை நின்ற வாரத்தில் எல்லோரும் ஒன்றாக ஓட்டிச் சென்றால் மேலப்பாளையம் சந்தையில் வியாபாரி சொன்னதே விலை. பக்ரீத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைகளில் விற்றுப் பணத்தை ஒதுக்குங்கள்.

கடைசியாக என் துறைக்கு வருகிறேன். பிசான அறுப்புக்குப்பின் சும்மா கிடக்கும் வயலில் எஞ்சிய ஈரத்திலேயே உளுந்து விளையும். ஆடுதுறை 3 இரகம் 70 முதல் 75 நாளில் முடியும். ஏக்கருக்கு 10 கிலோ விதை போதும். ஆள்விட்டு அறுக்கும் வயலானால் அறுவடைக்கு 5 முதல் 10 நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நின்ற நெல்லுக்குள்ளேயே விதைக்கலாம். இயந்திரம் இறங்கும் வயலில் முளைத்தது சக்கரத்தில் நசுங்கும் என்பதால், அறுத்த கையோடு ஈரம் காயுமுன் விதைப்பது நல்லது. பூக்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளிக்க வேண்டும்; 100 லிட்டர் நீருக்கு 2 கிலோ, முந்தின இரவே ஊறவைத்துத் தெளிவை வடித்தது.

நிலம் இல்லாதவர்கள் இந்த ஒரு பயிருக்கு மட்டும் தரிசை வாரத்துக்குக் கேட்கலாம். நிலக்காரருக்கும் நட்டமில்லை, உளுந்தின் வேர்முடிச்சு அடுத்த காருக்குத் தழைச்சத்து சேர்க்கும். எவ்வளவு பங்கு என்பதைத் தை மாதத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். தனி வயலாக விதைத்தால் மேயவரும் மாடு மிச்சம் வைக்காது. ஒரே மடையில் பாயும் நாலைந்து வயல்களைச் சேர்த்து விதைத்து, காவலுக்கு முறை வைத்துக்கொண்டால் சித்திரையில் பறிப்புக்கும் அங்கேயே வேலை கிடைக்கும்.