நீர்க்கடுப்பும் கூச்சமும்



தலைவலி வந்தால் ஆண்கள் பத்துப் பேரிடம் சொல்வார்கள். பல்வலி வந்தால் வீடே அதிரும். ஆனால் சிறுநீர் கழிக்கும்போது வலித்தால் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். கூச்சம்! அந்தக் கூச்சம் ஒருவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேளுங்கள்.

நாமக்கல் பக்கத்தில் ஒரு லாரி டிரைவர். வயது 42. சரக்கு ஏற்றிக்கொண்டு அகமதாபாத் வரை போவார். வண்டி ஓட்டும்போது தண்ணீர் அதிகம் குடிக்க மாட்டார். குடித்தால் அடிக்கடி வண்டியை நிறுத்த வேண்டும் அல்லவா? சிறுநீர் வந்தாலும் அடக்கிக்கொள்வார்.

ஒரு நாள் சிறுநீர் கழிக்கும்போது சுருக்கென்று எரிந்தது. 'சூடு பிடித்துக்கொண்டது' என்று நினைத்தார். கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினார். மோர் குடித்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்தார். எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. மறுபடியும் வந்தது.

வீட்டில் மனைவி கவனித்தார்.

"ஏங்க, முகமெல்லாம் வாடிக் கெடக்குது. ஒடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல. தூக்கம் பத்தல."

ஏன் மறைத்தார்? லாரி டிரைவருக்கு அந்த இடத்தில் வலி என்றால் ஊர் என்ன சொல்லும்? 'தப்பான இடத்துக்குப் போயிருப்பான்' என்று சொல்லும். மனைவியும் அப்படி நினைத்துவிட்டால்? அவருக்கு அந்தப் பயம்தான்.

மருந்துக் கடையில் மெதுவான குரலில் கேட்டு மாத்திரை வாங்கினார். இரண்டு நாள் சாப்பிட்டார். எரிச்சல் நின்றது. மாத்திரையையும் நிறுத்திவிட்டார்.

மூன்று வாரம் கழிந்தது. லாரி புனேயைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வலது விலாவில் வலி. முதுகில் தொடங்கி அடிவயிறு வரை இழுத்தது. வாந்தி வந்தது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தது. சிறுநீர் சிவப்பாகப் போனது.

கிளீனர் பயந்துவிட்டான். "அண்ணே, இனிமே வண்டிய எடுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்க" என்றான். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனான்.

சிறுநீரையும் ரத்தத்தையும் சோதித்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப் பைக்கு வரும் குழாயில் ஒரு கல் அடைத்திருந்தது. அடைப்புக்கு மேலே தேங்கிய நீரில் கிருமி பெருகியிருந்தது. மெல்லிய குழாய் ஒன்றை வைத்து அந்த நீரை வடித்தார்கள். ஊசி மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் தணிந்து சில வாரம் கழித்துத்தான் கல்லை எடுத்தார்கள்.

"இன்னும் தாமதித்திருந்தால் கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்து ஆகியிருக்கும்" என்றார் டாக்டர்.

பாருங்கள்! வந்தது கல். அவர் பயந்ததோ ஊர் வாய்க்கு.

இந்த வலி ஏன் வருகிறது? சிறுநீர் வெளியே வரும் பாதை பெண்களுக்கு சுமார் 4 செ.மீ. நீளம். ஆண்களுக்கு சுமார் 20 செ.மீ. பாதை நீளமாக இருப்பதால் ஆண்களுக்குக் கிருமி எளிதில் ஏறாது. அப்படியும் ஏறினால் அதற்கு வேறு காரணம் இருக்கலாம். அதனால்தான் ஆண்களுக்கு நீர்க்கடுப்பு வந்தால் டாக்டரிடம் காட்டிக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கல் ஒரு காரணம். வெயிலில் உழைத்துத் தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்குக் கல் வர வாய்ப்பு அதிகம்.

வயது 50 தாண்டியவர்களுக்கு வேறு ஒரு காரணம் உண்டு. சிறுநீர்ப் பைக்குக் கீழே புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. வயதானால் அது வீங்கிப் பாதையை நெருக்கும். சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகும். இரவில் பலமுறை எழ வேண்டியிருக்கும்.

சர்க்கரை நோய் இருந்தாலும் கிருமி எளிதில் தங்கும்.

பால்வினை நோயும் ஒரு காரணம். எரிச்சலோடு சீழ் வடியும். சிலருக்குப் புண் வரும். இதற்கும் மருந்து உண்டு. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் நோய் திரும்ப வரும். டாக்டர் சொல்லும் வரை உடலுறவு கூடாது. நோயாளியின் இரகசியத்தை டாக்டர் வெளியே சொல்லக் கூடாது. எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றிக் கேட்க 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை.

எரிச்சல் மட்டும் இருந்தால் ஓரிரு நாளுக்குள் டாக்டரைப் பாருங்கள். ஆனால் கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் உடனே போக வேண்டும்:

1. சிறுநீர் அடியோடு நின்றுபோனால். அப்போது தண்ணீரை மேலும் மேலும் குடிக்காதீர்கள். பை உப்பி வலி கூடும்.

2. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால்.

3. சிறுநீரில் ரத்தம் வந்தால். வலி இல்லாமல் ரத்தம் வந்தாலும் காட்ட வேண்டும்.

4. விலாவிலோ முதுகிலோ தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால்.

5. விதையில் திடீரென்று கடும் வலி வந்தால். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விதை கெட்டுப்போகலாம். சிறுவர்களுக்கும் இது வரும். 'விளையாடும்போது அடிபட்டிருக்கும்' என்று விட்டுவிடாதீர்கள்.

மோர், இளநீர் குடிப்பதில் தவறில்லை. ஆனால் அவை கல்லைக் கரைக்காது, கிருமியையும் கொல்லாது. லாட்ஜில் அறை எடுத்து 'இரகசிய நோய்' தீர்ப்பதாகச் சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

அந்த டிரைவர் கல்லை எடுத்த பிறகு ஊர் திரும்பினார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவிக்குக் கண் கலங்கியது.

"இத்தன நாளா எங்கிட்டச் சொல்லலியேங்க. நான் என்னங்க சொல்லியிருப்பேன்? ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுதானே சொல்லியிருப்பேன்!"

மனைவி மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்தார். மாத்திரைக்குப் பக்கத்தில் '1-0-1' என்று இருந்தது. காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. 7 நாளுக்கு 14 மாத்திரை. எண்ணி வைத்துக்கொண்டு தினமும் கொடுத்தார். மூன்றாம் நாள் "வலிதான் இல்லையே" என்றார் டிரைவர். மனைவி விடவில்லை. பதினான்கும் தீர்ந்தது.

இப்போது அவர் லாரியில் இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர் இருக்கிறது. ஒவ்வொரு சுங்கச் சாவடி தாண்டியதும் கிளீனர் நினைவுபடுத்துகிறான்: "அண்ணே, தண்ணி!"

வலியை மறைக்காதீர்கள். மனைவியிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.